சுவையும் தீர்ப்பும்

மதுரை மாநகருக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது பேரையூர். அவ்வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் சோளமும் விளையும். மழை பொய்த்தால் உழைப்பும் பொய்த்துப் போகும். அவ்வூர் உழவர் ஒருவரிடம் இவ்வாண்டு விளைச்சல் எவ்வாறு என்று கேட்டால், “மானாவாரிக்கு இது நல்ல விளைச்சல்” என்று விடை கூறுவார். மேலூர்ப் பக்கத்து நன்செய் வயலோடு தம் புன்செய்க் காட்டை அவர் ஒப்பிடுவதில்லை. மேலூர் வயல்களுக்குப் பெரியாற்று நீர் கால்வாய் வழியே வருகிறது. 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்ட நாள்முதல் அப்பகுதிக்கு வாய்த்த பேறு அது. கால்வாய் பாயும் நிலத்தையும் மேகத்தை நம்பிய நிலத்தையும் ஒரே நிரையில் நிறுத்தி, ‘இவன் சோம்பன், அவன் உழைப்பாளி’ என்று சொல்வது நேர்மையன்று என்பது அவருக்குத் தெரியும். ‘மானாவாரிக்கு’ என்னும் அந்த ஒரு சொல்லில் ஒப்பீட்டின் அறம் அடங்கியிருக்கிறது.

அத்தகைய உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், மாலை வேளையில் தன் தோழனோடு வாதிடுகிறான் என்று கொள்ளலாம். வாதம் நிலத்தைப் பற்றியதன்று. மாரியோ, சோனிக் என்னும் இரண்டு வீடியோ விளையாட்டுகளைப் பற்றியது. “சோனிக்கின் வேகத்திற்கு முன்னே மாரியோ நிற்குமா? அது ஆமை, படமும் அழகில்லை” என்கிறான் ஒருவன். “தலைதெறிக்க ஓடுவதும் ஒரு விளையாட்டா? மாரியோவைப் போல் ஒன்று இதுவரை பிறக்கவுமில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை” என்கிறான் மற்றவன். குரல் உயர்கிறது. விளையாட்டைப் பற்றிய பேச்சு, விளையாடுபவனைப் பற்றிய ஏச்சாக மாறுகிறது. மறுநாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தந்தை காட்டில் மறவாத அந்த ஒரு சொல்லை மகன் வாதத்தில் மறந்துவிட்டான்.

இவ்விரு விளையாட்டுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திரையில் தோன்றும் சிறு வீரன் ஒருவன், மேடையிலிருந்து மேடைக்குத் தாவியும், பள்ளங்களைக் கடந்தும், பகைவரை விலக்கியும் இலக்கை அடைய வேண்டும். மேடைகளின்மேல் தாவிச் செல்வதே முதன்மையாக இருப்பதால் இவற்றைப் பிளாட்பாரம் விளையாட்டுகள் என்பர். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘டாங்கி காங்’ இவ்வகைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. அதனை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவே பின்னர் 1985-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டையும் உருவாக்கினார். அந்நாட்டுச் சேகா நிறுவனம் அதற்குப் போட்டியாக 1991-இல் ‘சோனிக்’ என்னும் நீலநிற முள்ளெலியைக் களத்தில் இறக்கியது.

இந்த ஆண்டுக் கணக்கிலேயே முதற்பாடம் இருக்கிறது. 1985-இன் மாரியோ, 8 பிட் திறன் கொண்ட கருவிக்காகச் செய்யப்பட்டது. அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்திற்கு அதைப் போல் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிறிய இடத்திற்குள் 32 கட்டங்களையும் இசையையும் படங்களையும் அடைக்க வேண்டியிருந்தது. எனவே வானத்தில் மிதக்கும் மேகத்திற்கும் தரையில் நிற்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் பயன்படுத்தினர். மேகத்திற்கு வெண்மை, புதருக்குப் பசுமை என நிறத்தை மட்டும் மாற்றினர். 1991-இன் சோனிக்கோ 16 பிட் கருவியில் ஓடியது. அதற்குக் கிடைத்த இடம் 512 கிலோபைட்டு. முன்னதைவிட இது பன்னிரண்டு மடங்கிற்கும் மேல். இவ்வுண்மையை அறியாதவன், ‘மாரியோவின் படம் அழகில்லை’ என்று சொல்லித் தன் தீர்ப்பை முடித்துவிடுவான். அறிந்தவன், மேகமும் புதரும் ஒன்றே என்பதைக் கண்டு அச்சிக்கனத்தை வியப்பான். மானாவாரிக் காட்டையும் கால்வாய் வயலையும் ஒப்பிடும் தவறே இங்கும் நேர்கிறது.

அவ்வாறாயின் இவ்விரண்டையும் ஒப்பிடவே கூடாதா எனின், கூடும். ஒத்த நிலையில் உள்ளவற்றை எடுத்து ஒப்பிட வேண்டும். நின்டெண்டோ நிறுவனம் 1990-இல் ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதுவும் 16 பிட் கருவிக்கு உரியது. அதன் அளவும் 512 கிலோபைட்டே. சோனிக்குக்கும் அதற்கும் இடையே உள்ள காலம் ஓர் ஆண்டிற்கும் குறைவு. ஒரே காலம், ஏறத்தாழ ஒரே வசதி, ஒரே வகை. இவ்விரண்டையும் தட்டில் வைத்தால் நிறுத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. பழையதை எடுத்தால் அதன் காலத்தைச் சொல்லி எடுத்தல் வேண்டும். ‘1985-க்கு இது எத்தகைய ஆக்கம்’ என்று கேட்பதே முறை.

இரண்டாவதாக, ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை உணர வேண்டும். பேரையூர்ப் பக்கத்தில் ஏர் உழும் மாடும் உண்டு. வாடிவாசலில் பாயும் காளையும் உண்டு. உழவு மாடு திமிறிப் பாயவில்லை என்று எவரும் குறை கூறுவதில்லை. பாயும் காளை சால் பிடித்து நடக்கவில்லை என்று எவரும் வருந்துவதில்லை. மாரியோ விளையாட்டின் உயிர், அளந்து தாவுதல். எவ்வளவு தொலைவிலிருந்து ஓடிவர வேண்டும், எந்த நொடியில் காலை எடுக்க வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பவற்றை விரல் கற்றுக்கொள்வதே அதன் இன்பம். சோனிக் விளையாட்டின் உயிர், வேகத்தைத் திரட்டிக் காத்தல். சரிவில் உருண்டு, வளைவில் ஏறி, வட்டத்தில் தலைகீழாகச் சுழன்று, பெற்ற விசையை இழவாமல் செல்வதே அதன் இன்பம். மாரியோவில் வேகம் குறைவு என்பது குறையன்று. சோனிக்கில் ஒவ்வொரு தாவலும் அளந்து அமையவில்லை என்பதும் தனித்து நின்று குறையாகாது. தான் எடுத்துக்கொண்ட நோக்கத்தை அந்தந்த விளையாட்டு எவ்வளவு நிறைவேற்றியது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவதாக, இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். தனக்கு வேண்டியதில் ஒரு கட்டம் கடினமாக இருந்தால், ‘இது திறமைக்குச் சோதனை’ என்கின்றனர் பலர். வேண்டாததில் அதே கடினம் இருந்தால், ‘இது ஆடுபவனை வதைக்கிறது’ என்கின்றனர். மாரியோவில் ஒவ்வொரு கட்டத்திற்கும் கால எல்லை உண்டு. சோனிக்கிலும் ஒரு பகுதிக்குப் பத்து நிமிட எல்லை உண்டு. ஒன்றில் அதனைப் பரபரப்பு என்று புகழ்ந்து, மற்றொன்றில் நெருக்கடி என்று பழிப்பவன் அளக்கவில்லை. தன் விருப்பத்திற்குச் சான்று தேடுகிறான். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறு படி வைத்திருக்கும் வணிகனை ஊர் எவ்வாறு மதிக்கும்? கருத்துரைப்பவனையும் அவ்வாறே மதிக்க வேண்டும்.

நான்காவதாக, முழுதும் அறியாமல் முடிவு கூறலாகாது. சோனிக் விளையாட்டின் தொடக்கப் பகுதி பசுங்குன்றுகளின் நடுவே விரைந்து செல்வது. அதனை மட்டும் ஆடியவன், ‘ஓட்டத்தைத் தவிர இதில் ஒன்றுமில்லை’ என்று எளிதில் சொல்லிவிடுவான். நான்காம் பகுதிவரை பொறுமையோடு சென்றவனுக்கோ வேறு காட்சி காத்திருக்கிறது. அங்கே நீர் நிறைந்த சுரங்கத்திற்குள் சோனிக் மெல்ல நடக்கிறது. மூச்சு முட்டுவதற்குள் காற்றுக் குமிழியைத் தேட வேண்டியிருக்கிறது. வேகம் உதவாமல் பொறுமையே உதவுகிறது. அவ்வாறே, ‘மாரியோ வலப்பக்கம் நடப்பதன்றி வேறில்லை’ என்பவன், பிற்பகுதியில் வரும் சில கோட்டைகளைக் காணாதவன். அங்கே சரியான வழியைத் தேர்ந்து செல்லாவிடில் நடந்த வழியே மீண்டும் மீண்டும் வரும். பாதியை மட்டும் அறிந்தவன் அப்பாதியைப் பற்றி மட்டும் பேசலாம்; அதற்கு மேல் பேசுவது துணிவு, அறிவன்று.

‘மிகுதியாக விற்றது எதுவோ அதுவே சிறந்தது’ என்று கூறி வாதத்தை எளிதில் முடிக்க விரும்புவாரும் உளர். 1985-இன் மாரியோ 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது என்பது உண்மை. ஆயினும் அவற்றுள் பல, கருவி வாங்கியவர்க்கு அதனுடன் சேர்த்தே தரப்பட்டவை. சோனிக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே தரப்பட்டது. விற்பனைத் தொகை, எத்தனை பேரிடம் சென்றது என்பதைக் காட்டும். எவ்வளவு நன்று என்பதைக் காட்டாது. சந்தையில் கூட்டம் கூடிய கடை நல்ல கடையாக இருக்கலாம்; வழியில் அமைந்த கடையாகவும் இருக்கலாம்.

இவை அனைத்தினும் நுண்ணிய தடை ஒன்று உண்டு. அது பழக்கம். இளமையில் முதன்முதல் கையில் கிடைத்த விளையாட்டு எதுவோ, அதுவே உள்ளத்தில் உயர்ந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அண்ணனோடு அமர்ந்து ஆடிய ஞாயிற்றுக்கிழமை, தாயின் அதட்டல், முதல் வெற்றியின் ஆரவாரம் ஆகிய அனைத்தும் அவ்விளையாட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. இவ்வன்பு பிழையன்று; மனித இயல்பு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டுக்குள் இருந்த பொருளன்று. ஆடியவனின் வாழ்வில் இருந்த பொருள். அதனைத் தட்டில் ஏற்றி நிறுத்தால் நிறை பொய்யாகும். பருத்தி நிறுக்கும் வணிகர், மூட்டையை வைப்பதற்கு முன் வெறுந்தராசின் முள் நடுவே நிற்கிறதா என்று பார்ப்பார். தானே முதலில் சமனாக நின்று பின்னர்ப் பிறவற்றை அளக்கும் அத்துலாக்கோலையே வள்ளுவரும் ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தில் சான்றோர்க்கு உவமை ஆக்கினார். ஆகவே ஒப்பிடத் தொடங்குபவன், ‘இது எனக்கு இளமை முதல் பழகியது’ என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. சாய்வு இருப்பது குற்றமாகாது. அதை மறைப்பதே குற்றம்.

‘விளையாட்டைப் பற்றிய கருத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வேண்டுமா? அவரவர் கருத்து அவரவர்க்கு’ என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் ஓர் உண்மையும் ஒரு மயக்கமும் கலந்துள்ளன. ‘எனக்குச் சோனிக்கே பிடிக்கும்’ என்று ஒருவன் சொன்னால் அதற்குக் காரணம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. அது சுவை. புளிப்பை விரும்புபவனிடம் இனிப்பின் பெருமையை நிறுவ முடியாது, நிறுவவும் வேண்டியதில்லை. ஆனால், ‘மாரியோவைவிடச் சோனிக்கே சிறந்தது’ என்று அவன் சொல்லும்போது, தன்னைப் பற்றிப் பேசுவதை விட்டுப் பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். அது தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் வேண்டும். காரணத்திற்குச் சான்று வேண்டும். சுவைக்கு உள்ள உரிமையைத் தீர்ப்புக்கும் கேட்பதே இன்றைய வாதங்கள் பலவற்றின் கோளாறு.

இவ்வேறுபாட்டை மதுரை மண் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. இறைவன் தருமிக்குக் கொடுத்தனுப்பிய பாடலைச் சங்கத்திலிருந்த நக்கீரர் குறை கூறினார் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் கதை. அவர் அப்பாடலைத் தமக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. பெண்டிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டு என்னும் கருத்துப் பொருந்தாது என்றார். அவர் கூற்று ஆராயத்தக்கது, மறுக்கத்தக்கது, ஏற்கவும் தக்கது. பாடியவர் யார் என்பதை அவர் பார்க்கவில்லை. பாடலில் என்ன இருக்கிறது என்பதையே பார்த்தார். அவர் குறை கூறிய அப்பாடலோ அழிந்துவிடவில்லை. குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக இன்றும் கற்பவரை மகிழ்விக்கிறது. காரணத்தோடு கூறிய குறை ஒரு நல்ல ஆக்கத்தை அழிப்பதில்லை. அதனை ஊன்றிப் படிக்கவே தூண்டுகிறது.

நடுநிலை என்பதற்கு, ‘இரண்டும் நன்று’ என்று சொல்லி நழுவுதல் என்று பொருள் கொள்வாரும் உண்டு. அது நடுநிலையன்று, சோம்பல், அல்லது அச்சம். பட்டிமன்றத்தில் இரு கட்சியும் பேசி முடித்தபின் நடுவர் வாய் திறவாமல் எழுந்து சென்றால் அவையோர் ஏற்பரோ? காய்தல் உவத்தல் இன்றிக் கேட்ட பின்பு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். ‘தாவலைப் படிப்படியாகக் கற்பித்து, கட்டத்திற்குக் கட்டம் புதுமை சேர்ப்பதில் சூப்பர் மாரியோ வேர்ல்டு மேம்பட்டது, சரிவிலும் வளைவிலும் விசையைத் திரட்டும் இன்பத்தைத் தருவதில் சோனிக் மேம்பட்டது’ என்று ஒருவன் சொன்னால் அது தீர்ப்பு. இவ்விரண்டில் எதற்கு மிகுந்த மதிப்புத் தருவது என்னும் இடத்தில்தான் சுவை மீண்டும் நுழைகிறது. அடித்தளத்தில் உண்மைகள், அவற்றின்மேல் காரணங்கள், உச்சியில் விருப்பம். இவ்வரிசை கலையாதவரை எவ்வளவு வன்மையாகவும் வாதிடலாம்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. 2020-ஆம் ஆண்டில் புனே நகரைச் சேர்ந்த சிறு குழுவினர், ‘ராஜி’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். இந்தியப் புராணக் கதைகளின் சாயலில், தாவலும் போரும் கலந்து அமைந்த ஆக்கம் அது. பெருஞ்செல்வமும் பெரும்படையும் கொண்ட அயல்நாட்டு நிறுவனங்களின் ஆக்கங்களோடு வைத்து அதனை இகழ்வது எளிது. ‘இந்தியர் செய்தது’ என்னும் ஒரே காரணத்தால் குறை காணாமல் புகழ்வதும் எளிது. முன்னது ஆக்கியோரின் ஊக்கத்தைக் கொல்லும். பின்னது அவர்தம் வளர்ச்சியைத் தடுக்கும். நிலைமை அறிந்து, நிறைகண்டு, குறையைக் காரணத்தோடு கூறும் ஒருவனே அவர்களுக்கு உண்மையான உதவி செய்கிறான். நாளை பேரையூர்ப் பள்ளியிலிருந்தே ஒரு மாணவி இத்தகைய ஆக்கம் ஒன்றைச் செய்யக்கூடும். அவள் முதல் முயற்சி எத்தகைய சொற்களைச் சந்திக்கும் என்பது, இன்று அவ்வூர் மாணவர் எவ்வாறு வாதிடப் பழகுகின்றனர் என்பதைப் பொறுத்தது.

வணிகப் போட்டியின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேகா நிறுவனம் அமெரிக்காவில் நின்டெண்டோவைப் பெயர் சுட்டி எள்ளி விளம்பரம் செய்தது. தம் பொருளை விற்க வேண்டியவர் செய்த வேலை அது. இளைஞர் பலர் அவ்விளம்பரச் சொற்களைத் தம் சொந்தக் கருத்தென்று எண்ணிச் சண்டையிட்டனர். 2001-இல் சேகா, வீட்டில் ஆடும் கருவிகளைச் செய்யும் தொழிலையே விட்டு விலகியது. 2007-இல் மாரியோவும் சோனிக்கும் ஒரே விளையாட்டில், ஒலிம்பிக் களத்தில், ஒன்றாகத் தோன்றினர். அரசர்கள் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னும் படைவீரர் மட்டும் களத்தில் நின்று போரிடுவது போன்றதே, இன்றும் தொடரும் அப்பழைய சண்டை.

பேரையூர்த் தோழர் இருவரும் மீண்டும் ஓர் மாலையில் சந்திக்கலாம். ஒருவன் மற்றவனது விளையாட்டை இறுதிவரை ஆடிப் பார்த்துவிட்டு வரலாம். “நீருக்கடியில் வரும் கட்டம் என்னைத் திணற வைத்தது, ஆனாலும் எனக்கு மாரியோவே பிடிக்கும்” என்று அவன் சொல்லலாம். “1985-க்கு மாரியோ பெரிய ஆக்கம்தான்” என்று மற்றவன் விடை கூறலாம். அவர்களின் விருப்பம் மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தந்தை காட்டில் சொல்லும் ‘மானாவாரிக்கு’ என்னும் சொல்லுக்கு ஈடான ஒரு சொல், மகனின் பேச்சில் வந்து சேர்ந்துவிட்டது. பேச்சு நின்ற நட்பு அச்சொல்லால் மீண்டும் தொடங்குகிறது.